சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போக

தாம்பரம், விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாக ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நால்வழிச் சாலைதான். ஆனாலும் சாப்பாடு, ஓய்வு, டோல்கேட் எல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். அப்படியானால் 13 மணி நேரம். முதல்முறை போகிறவர்கள் திருச்சியிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்கிவிடுவதே நல்லது.

ஒரே நாளில் போவதென்றால் முதலில் தூக்கத்துக்குத் திட்டம் போடுங்கள். பேச்சுக் கொடுக்கவோ ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளவோ பக்கத்தில் ஆள் இல்லை. முந்தைய இரவு 9 மணிக்குப் படுத்து, காலை 4.30க்குக் கிளம்புங்கள். நள்ளிரவில் புறப்பட்டால் டிராஃபிக் இருக்காது என்பார்கள்; உண்மைதான், ஆனால் 2 மணியிலிருந்து 5 மணி வரை கண் தானாகச் செருகும். 6 மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி சாலையின் நெரிசல் தொல்லை இல்லை. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்கள் சாலையைக் கடப்பார்கள். அங்கே வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். விழுப்புரம் தாண்டிய வயல்வெளிகளில் அந்த மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டமும் உண்டு. அப்போது ஹைபீம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும், டிம்மிலேயே ஓட்டுங்கள்.

இந்த வழியில் உண்மையிலேயே கடினமான இடம் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே இருக்கிறது. 4.30க்குக் கிளம்பியவர் மதுரையைத் தொடும்போது பகல் 1 மணியாகியிருக்கும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று நீளும் கரிசல் காட்டில் சாலை நேராகவே போகும், நிழலும் குறைவு. தெற்கு நோக்கிப் போவதால் மேற்கு வெயில் ஓட்டுநரின் வலது கன்னத்திலும் கையிலும் விழும். உடல் சோர்கிற 2 முதல் 4 மணி வரை சரியாக இந்த இடத்தில்தான் இருப்பீர்கள். ஆகவே மதுரையில் முழுச்சாப்பாடு வேண்டாம். இரண்டு சப்பாத்தியோ தயிர்சாதமோ போதும். சாப்பிட்டதும் ஒரு காபி குடித்துவிட்டு, பங்க்கிலோ ஹோட்டல் வளாகத்திலோ மரநிழலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, 20 நிமிட அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் நீங்கள் எழவும் சரியாக இருக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் மந்தம்தான் மிஞ்சும். கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லையென்றால் அரைத் தூக்கத்தில் இருக்கிறீர்கள். பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஏசியைக் கூட்டுவதும் அதைத் தீர்க்காது. அடுத்த பங்க்கில் ஒதுங்குங்கள்.

அடுத்தது டயர். வெயிலில் காற்று விரியும் என்று சொல்லி 3, 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்து அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதுதான் டயரை வெடிக்க வைக்கிறது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், சூடேறும், கடைசியில் கிழியும். ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்றிருந்தால் 33தான். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். வழியில் 37 காட்டினாலும் இறக்காதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியதை நெடும்பயணத்துக்கு நம்ப வேண்டாம். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைந்தபின் இடப்பக்கம் ஒதுங்குங்கள். மெதுவாகக் காற்று இறங்குகிறதென்றால், ரிம் கெட்டாலும் பரவாயில்லை, ஹசார்ட் விளக்கோடு சர்வீஸ் ரோடு வரை ஊர்ந்து போங்கள். லாரிகள் பறக்கும் ஓரத்தில் தனியாளாக ஜாக்கி போடுவது உயிரோடு விளையாடுவது. முக்கோண எச்சரிக்கைப் பலகையைச் சுமார் 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வண்டியைத் தூக்குமுன் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பின் முயன்றால் சக்கரம்தான் சுற்றும். மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க ஓரடிப் பலகைத் துண்டு ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: நெடுஞ்சாலை உதவி 1033, ஆம்புலன்ஸ் 108.

பரனூர் தொடங்கி நாங்குநேரி வரை பத்துக்கும் மேற்பட்ட டோல்கேட்டுகள் உண்டு. ஃபாஸ்டேக்கில் முந்தைய நாளே பணம் போடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு போட்டால் அது ஏறுவதற்குள் அபராதத்தோடு கட்ட நேரிடும். டேங்க் பாதிக்கு வரும்போதே நிரப்புங்கள். இறங்கும்போதெல்லாம் சாவியும் கைபேசியும் உங்களோடு வரட்டும்.

வழி தவற வாய்ப்புள்ள இடங்கள் மூன்று. உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை பிரியும். மதுரையில் நகருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் கப்பலூர் வந்து சேருங்கள். காவல்கிணற்றில் வலப்பக்கம் திரும்பினால் ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். கன்னியாகுமரிக்கு நேராகப் போக வேண்டும். ஆனி, ஆடியில் அங்கே மேற்குக் காற்று கடுமையாக வீசும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். வலப்பக்கமாக உங்களைக் கடக்கும் பேருந்து கொஞ்ச நேரம் காற்றை மறைக்கும். அது விலகியதும் கார் சட்டென்று இடப்பக்கம் தள்ளப்படும். பணகுடி தாண்டியதும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, 70க்குக் கீழே ஓட்டுங்கள்.