ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறீர்களா? டர்பனிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

ஸ்டெம் செல் என்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல். ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் மஜ்ஜை கெட்டவருக்கு இன்னொருவர் அதைக் கொடுக்கலாம். நான் கொடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதுகெலும்பில் யாரும் கை வைப்பதில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, விஷயத்தைக் கேட்டதும், "தண்டுவடத்துல ஊசியாமே, அப்புறம் எழுந்து நடப்பியா?" என்றார்.

படி 1: பதிவு

1991-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவேடு இருக்கிறது, கொடையாளர்களைச் சேர்க்கும் டிகேஎம்எஸ் ஆப்பிரிக்கா என்ற அமைப்பும் இருக்கிறது. நான் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதில் பார்ப்பது ஹெச்எல்ஏ வகை, அதாவது இது நம் செல், இது வேற்று செல் என்று உடல் அடையாளம் காண உதவும் புரதங்களின் வகை. ரத்த வகை வேறு, இது வேறு. பெற்றோரிடமிருந்து வருவதால், கூடப் பிறந்தவருக்கே முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். வெளியே தேடினால், ஒரே பூர்வீகம் உள்ளவரிடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களின் வம்சத்தாருக்கு நம்மவர்கள்தான் பதிய வேண்டும்.

படி 2: அழைப்பு

வராமலே போகலாம். வந்தால் ரத்தப் பரிசோதனை, உடல் பரிசோதனை எல்லாம் உண்டு. செலவு உங்கள் தலையில் விழாது. மனமில்லை என்றால் இங்கேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்த பிறகு நீங்கள் பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து.

படி 3: ஊசி

நான்கைந்து நாள், தினமும் தோலுக்கடியில் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்து. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை இது ரத்தத்துக்கு இறக்கிவிடும். மூன்றாம் நாள் எனக்கு இடுப்பும் தொடையும் காவடி எடுத்த மறுநாள் மாதிரி கடுத்தன. பாரசிட்டமால் போட்டேன். வேறு மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படி 4: எடுக்கும் நாள்

கழிவறைக்குப் போய்விட்டு வந்து படுங்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், ஸ்டெம் செல்லைப் பிரித்தபின் மறு கை வழியே திரும்பி வரும். நான்கு முதல் ஆறு மணி நேரம். இரண்டு கையையும் மடக்க முடியாது. எனக்கு மூக்கு அரித்தபோது நர்ஸ்தான் சொறிந்துவிட்டார்! உதடு மரமரவென்றால் உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். பையில் சேர்ந்தது தக்காளி சூப் நிறத்தில் இருந்தது. போதாவிட்டால் மறுநாளும் வரச் சொல்வார்கள்.

சில நோயாளிகளுக்கு மஜ்ஜையே தேவைப்படும். அப்போது மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். சில நாள் வலிக்கும்.

யாருக்குப் போனது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆயா சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். கைமடிப்பில் ஒட்டியிருந்த இரண்டு பஞ்சைக் காட்டினேன்.