உங்கள் பதிவை நீக்கிவிட்டார்களா? முறையிடும் வழி

யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ நீங்கள் வெளியிட்ட காணொளி திடீரென்று அகற்றப்பட்டால், கோபத்தில் அதையே மறுபடி பதிவேற்ற வேண்டாம். கணக்கையே இழக்க நேரலாம். முதலில் வந்த அறிவிப்பை வரிவரியாகப் படித்து, அகற்றியது யார் என்று பாருங்கள். நிறுவனம் தன் விதிகளைக் காட்டித் தானே அகற்றியிருந்தால் ஒரு வழி. அரசின் ஆணைக்கு இணங்கி இந்தியாவில் மட்டும் மறைத்திருந்தால் முற்றிலும் வேறு வழி.

நிறுவனமே அகற்றியிருந்தால், பதிவின் இணைப்பு, அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், அது வந்த தேதி, உங்களிடமுள்ள மூலக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளம் வெளியிட்டாக வேண்டும். தேடினால்தான் கண்ணில் படும் என்பது வேறு விஷயம். புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தீர்வுக்கு இவ்விதிகள் முதலில் 15 நாள் கொடுத்தன. பின்வந்த திருத்தங்கள் கெடுவைக் குறுக்கியே வந்துள்ளதால், நடப்பிலுள்ள விதியை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தளத்திலுள்ள மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்துவதும் இவருக்கு எழுதுவதும் ஒன்றல்ல. பொத்தானோடு நின்றுவிட்டால், அடுத்த படியில் காட்டுவதற்கு அலுவலரின் முடிவு என்று எதுவும் கையில் இருக்காது.

மனுவில் ஆதங்கத்தைக் கொட்டாமல், எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள், அது உங்கள் பதிவுக்கு ஏன் பொருந்தாது என்பதை மட்டும் எழுதுங்கள். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவு செய்த பயனர்களைக் கொண்ட சமூக ஊடகமானால், 4(8) ஆம் விதியையும் குறிப்பிடலாம். தானே முன்வந்து ஒரு பதிவை அகற்றுமுன் காரணத்தைத் தெரிவிக்கவும், மறுத்துச் சொல்ல வாய்ப்பளிக்கவும் அது நிறுவனத்தைப் பணிக்கிறது. வளர்ந்துவரும் சிறு செயலிகளுக்கு இக்கடமை இல்லை. புத்தாக்கத்தின் மீது சுமை ஏற்றக் கூடாது என்று வைத்த வரம்புதான்; ஆனால் சிறு தளத்தின் பயனருக்குக் காப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது.

அலுவலரின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், அது கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2023 ஜனவரியில் மத்திய அரசு இத்தகைய மூன்று குழுக்களை அமைத்தது. மனு முதல் முடிவு வரை எல்லாம் இணையவழியே நடக்கும். 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, தீர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே என்பதால் குழுக்களின் சுதந்திரம் குறித்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நீதிமன்றப் படியேறாமல் முயன்று பார்க்கத்தக்க வழிதான்.

அரசு ஆணையால் மறைக்கப்பட்ட பதிவுக்கு இக்குழுக்கள் உதவமாட்டா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படும் முடக்க ஆணையை எதிர்க்க, வழக்கறிஞரின் துணையோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்து நிவாரணம் கோரும் மனு) தாக்கல் செய்ய வேண்டும். 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவை நிலைநிறுத்தியபோது, முடக்கத்துக்கான காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்பதையும், ரிட் மனுவில் அவற்றை எதிர்க்க முடியும் என்பதையும் சுட்டிக்காட்டியது. ஆனால் 2009ஆம் ஆண்டு முடக்க விதிகளின் 16ஆம் விதி இரகசியம் காக்கச் சொல்வதால், ஆணையின் நகல் எளிதில் கைக்கு வராது. வராது என்று தெரிந்தாலும், நிறுவனத்திடமும் அமைச்சகத்திடமும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். நகல் தர மறுத்து வரும் கடிதமும் ரிட் மனுவோடு இணைக்க வேண்டிய ஆவணமே.