ஜெர்மன் சிப்பாய் போட்டோ கார்டு: புதுசா சேக்குறவங்க பண்ற தப்பு

போன ஞாயித்துக்கிழமை பெர்லின்ல பழைய சாமான் சந்தை. நம்மூர் தம்பி ஒருத்தர், முதல் உலகப்போர் சிப்பாய் போட்டோ போட்ட 1915 தபால் கார்டு ஒண்ணு வாங்கின கையோட, பின்னாடி ஒட்டியிருந்த ஆல்பம் பேப்பர நகத்தால சொரண்டிட்டு நின்னாப்ல. வரல. "வீட்டுக்குப் போய் தண்ணில போட்டுக்கிறேண்ணே"ன்னாப்ல பாருங்க, வயிறு பகீர்னுச்சு. நான் பண்ணின அதே கூத்து. பேரம் பேசு, கிழிசல் பாருன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அத நான் விட்டுடறேன்.

தண்ணில போடுறது

என்னோடது ஆறு பேரு ஒரு களஞ்சியம் முன்னாடி நிக்கிற கார்டு, தோள்பட்டைல இருக்குற ரெஜிமென்ட் நம்பர் படத்துல தெரியாது, 35 யூரோ. பின்னாடி எழுத்து சாம்பல் கலர்ல இருந்துச்சு, பென்சில்தானே, தண்ணிக்கு என்ன ஆகப்போகுதுன்னு வெதுவெதுப்பான தண்ணி ஊத்தின தட்டுல கவுத்துப் போட்டேன். ரெண்டு நிமிஷத்துல தட்டு முழுக்க கத்திரிப்பூ கலர்! அது சாதா பென்சில் இல்ல, காப்பியிங் பென்சில். அதுல சாயம் கலந்திருக்கும், காஞ்சிருக்கிற வரைக்கும் பென்சில் மாதிரி, நனைஞ்சா மையாயிடும். அந்தக் காலத்து சிப்பாய்ங்க நெறைய பேரு அதுலதான் எழுதினாங்க. கூடவே படைப்பிரிவு முத்திரையும் கரைஞ்சு போச்சு. எந்த ரெஜிமென்ட், எந்த கம்பெனின்னு சொல்ல இருந்த ஒரே தடயம் அதுதான். முன்பக்கம் படத்த தாங்குற ஜெலட்டின் பூச்சு ஊறி படமும் சுருங்கிடுச்சு. இப்ப யாரோ ஆறு பேரு நிக்கிறாங்க, அவ்ளோதான். இன்னிக்கு நெனச்சாலும் என்னையே நாலு சாத்து சாத்தணும்போல இருக்கு.

ஒட்டின பேப்பரோட இருக்கட்டும், விட்டுடுங்க. தெரியிறத ஸ்கேன் பண்ணி வைங்க.

விக்கிறவர் சொல்ற வருஷத்த நம்புறது

தலைல இரும்புத் தொப்பி, கீழ "1914"னு விலைச்சீட்டு. அந்த தொப்பி படைக்கு வந்ததே 1916ல, பிரான்ஸ்ல வெர்டூன் சண்டை சமயம். 1914ல தலைல இருந்தது கூர் வச்ச தோல் தொப்பி, மேல துணி உறை.

யூவி டார்ச் இல்லாம போறது

போகாதீங்க. அந்த புற ஊதா வெளிச்சத்துல பேப்பர் பளிச்சுனு நீலமா மின்னினா பெரும்பாலும் ரெண்டாம் போருக்கு அப்புறம் வந்த பேப்பர், மறுபிரதி.

எழுத்து புரியலன்னு ஒதுக்குறது

அது பழைய குரென்ட் கையெழுத்து, இப்ப ஜெர்மன்காரங்களே முழிப்பாங்க. ஸூட்டர்லின்னு, அதுலேந்து வந்த பள்ளிக்கூட எழுத்தோட பேர வச்சு விப்பாங்க, ஆனா அத பிரஷ்யா பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சதே 1915ல, அப்ப கார்டு எழுதின சிப்பாய் பதுங்குகுழில இருக்காரு.

லேமினேட்

கேக்கவே கேக்காதீங்க.