மாத்திரையா, தடவும் மருந்தா? முடி உதிரும் ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறி, உச்சந்தலையில் தோல் தெரியத் தொடங்கியதும் பல ஆண்கள் கேட்கும் முதல் கேள்வி, மாத்திரை சாப்பிடுவதா, மருந்தைத் தலையில் தடவுவதா என்பதுதான். முதல் தவறும் அங்கேயே நேர்கிறது, ஏனெனில் அவை பெரும்பாலும் ஒரே மருந்தின் இரண்டு வடிவங்கள் அல்ல. வழக்கமான மாத்திரையான ஃபினாஸ்டரைடு, முடி வேர்களைச் சுருங்கச் செய்யும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை ரத்தத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது. தடவும் மருந்தான மினாக்சிடில் அந்த ஹார்மோன் பக்கமே போவதில்லை; முடி வளரும் பருவத்தை நீட்டித்துத் தருகிறது. செய்யும் வேலையே வேறு என்பதால் ஒன்றை வலுவானது, மற்றொன்றை லேசானது என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. தோல் மருத்துவர்கள் பல நேரங்களில் இரண்டையும் சேர்த்தே எழுதித் தருகிறார்கள்.

இவை இரண்டும் பரம்பரை வழுக்கைக்கான மருந்துகள். வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கும், கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வதற்கும் சிகிச்சை வேறு. எனவே மருத்துவரிடம் தலையைக் காட்டாமல் மருந்து வாங்க வேண்டாம்.

மினாக்சிடிலையே மாத்திரையாகச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக வளரும் என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. அது முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாகத்தான் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் ரோமம் வளர்ந்ததைக் கண்ட பிறகே தடவும் மருந்து உருவாகி, 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரேசிலில் ஆண்களிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினமும் 5 மில்லிகிராம் மாத்திரை எடுத்தவர்களையும் 5 சதவீத மருந்தை இருவேளை தடவியவர்களையும் 24 வாரம் கழித்து ஒப்பிட்டபோது, மாத்திரை மேலானது என்று நிரூபணமாகவில்லை. தடவும் மருந்தால் தலை அரித்துச் சிவப்பவர்களுக்கும், நாள்தோறும் தடவ முடியாதவர்களுக்கும் மாத்திரை நல்ல மாற்றுவழிதான். ஆனால் கால் வீக்கம், படபடப்பு, முகத்திலும் கைகளிலும் ரோம வளர்ச்சி ஆகியவை வரக்கூடும் என்பதால், இதய நோயோ ரத்த அழுத்தத்துக்கான வேறு மருந்தோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

தடவும் மருந்து பலிக்கவில்லை என்பவர்களில் பலர் அதை முடிக்குத்தான் தடவியிருப்பார்கள், தலைத்தோலுக்கு அல்ல. எண்ணெய் வைத்த தலையிலோ ஈரம் சொட்டும் தலையிலோ மருந்து சரியாக இறங்காது. உலர்ந்த தலையில் சீப்பால் வகிடு பிரித்து, ஒரு மில்லி மருந்தை மெலிந்த இடங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் பரப்பி, குறைந்தது நான்கு மணி நேரம் தலையை நனைக்காமல் இருக்க வேண்டும். பிறகு கையைக் கழுவுவது அவசியம். தொடங்கிய சில வாரங்களில் தலையணையில் முன்பைவிட அதிக முடி கிடப்பதைப் பார்த்து நிறுத்திவிடுவது மிகவும் வருத்தத்துக்குரிய தவறு. ஓய்வில் இருந்த பழைய முடிகள் புதியவற்றுக்கு வழிவிட்டு விழுவதே அது. நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்திருந்தால்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். மாத்திரையானாலும் தடவும் மருந்தானாலும், நிறுத்தினால் கிடைத்த பலன் சில மாதங்களில் கைவிட்டுப் போய்விடும்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கான 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு மாத்திரையைச் செலவு குறையுமென்று வீட்டில் பிளேடால் நான்காக நறுக்குபவர்கள் உண்டு. துண்டுகள் சமமாக வராது என்பதைவிடப் பெரிய கவலை, பலகையில் சிந்தும் தூள். அது கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றிலிருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

ஃபினாஸ்டரைடைத் தடவினால் பக்கவிளைவே இராது என்று நம்புவதும் சரியல்ல. தோல் வழியாகவும் அது ரத்தத்தில் கலக்கிறது. மருந்தகங்களே கலந்து தயாரிக்கும் அத்தகைய மருந்துகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது. தாம்பத்திய நாட்டம் குறைந்தாலோ, மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தலைகாட்டினாலோ, கூச்சப்படாமல் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடுவயதைத் தாண்டியவர்கள் புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுவதை மறைக்கக் கூடாது, ஏனெனில் அது அந்த அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். புற்றுநோயின் தொடக்க அறிகுறி அதில் மறைந்துவிடலாம்.