ஷோஜி கதவுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது எப்படி?

கியோத்தோவில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் ஷோஜி கதவுகளுக்குப் போன டிசம்பரில் நானே காகிதம் மாற்றினேன். ஷோஜி என்பது மெல்லிய மரச் சட்டங்களின் மேல் காகிதம் ஒட்டிய, மேலும் கீழும் உள்ள பள்ளங்களில் நகரும் ஜப்பானியக் கதவு. வருடக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதையும் சேர்த்துச் செய்வது ஜப்பானிய வழக்கம். முதல் கதவு பாழாகிவிட்டது. இரண்டாவதில்தான் கை பழகியது.

கதவை மேல் பள்ளத்துக்குள் தூக்கி, அடிப்பக்கத்தை முன்னால் இழுத்தால் கழன்றுவிடும். எந்தக் கதவு எந்த இடம் என்று பென்சிலால் குறித்துவையுங்கள். இடம் மாறினால் பழைய வீடுகளில் பொருந்தாது.

காகிதப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, சட்டங்களின் மேல் ஈர ஸ்பாஞ்சால் தடவுங்கள். ஐந்து நிமிடத்தில் பசை இளகி, காகிதம் உரிந்து வரும். மிச்சப் பசையையும் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் காயவிட வேண்டும். நான் கோட்டைவிட்டது இங்கேதான். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் குறுக்குச் சட்டமும் நெடுக்குச் சட்டமும் கூடும் மூலைகளில் ஈரம் தங்கியிருந்தது. புதுப் பசை அதில் நீர்த்துப்போய், மறுநாள் காலையில் காகிதம் மூலைக்கு மூலை எழும்பி நின்றது. குளிர்காலம் என்றால் ஒரு ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

மாவுப் பசையே வாங்குங்கள். இருபக்க டேப் சுலபம்தான், ஆனால் அடுத்த முறை தண்ணீருக்கு இளகாது. மெல்லிய சட்டங்களைச் சுரண்ட வேண்டிவரும். காகிதத்தில் கோசோ நார் கலந்தது என் தேர்வு. கோசோ, முசுக்கொட்டை இனத்துச் செடி. சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் கிஃபு நகரத்தில் செய்யத் தொடங்கிய அகாரி விளக்குகளும் இந்த நார்க் காகிதத்தால் ஆனவைதான். வெயிலோ பல்போ, பின்னால் எது இருந்தாலும் கண்ணைக் கூசாத வெளிச்சமாக அறையில் பரவும்.

ஒரு ஓரத்தில் காகிதத்தைப் பிடிக்கவைத்து, சட்டங்களில் பசை தடவி, நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே போங்கள். அகலம் குறைந்த காகிதம் என்றால் கீழிருந்து மேலே ஒட்டுங்கள். ஓடு வேய்ந்ததுபோல மேல் தாள் கீழ்த் தாளின் விளிம்பை மூடிக்கொள்ளும், தூசி தங்காது. ஓரங்களை இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் வைத்து அறுங்கள்.

பசை முழுக்கக் காய்ந்த பிறகு லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காகிதம் தொய்ந்து அலை அலையாகும். கை வைக்காதீர்கள்! உலர உலர இழுத்துக்கொண்டு முரசுத் தோல்போல விறைத்துவிடும்.

பின்னர் சேர்த்தது: தண்ணீர் தெளித்தும் சுருக்கம் போகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் இருவர் வாங்கியதும் பிளாஸ்டிக் பூசிய காகிதம். அது எளிதில் கிழியாது, ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. ஒட்டும்போதே இன்னொருவரை எதிர்முனையில் பிடிக்கச் சொல்லி, விறைப்பாக இழுத்து ஒட்டுங்கள்.