ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் சேர்க்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு வலைச் செயலியில் எடிட்டரைச் சேர்க்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். லைப்ரரியை நிறுவி நாலு வரி எழுதினால் போதும், தடித்த எழுத்து, பட்டியல், லிங்க், படம் என்று பட்டன்கள் வரிசைகட்டி நிற்கும். டெமோவில் எல்லோரும் தலையாட்டுவார்கள். தொல்லை தொடங்குவது, யாரோ ஒருவர் பத்துப் பக்கக் கட்டுரையை வேர்டிலிருந்து அள்ளிவந்து அதில் ஒட்டும் நாளில்தான். எடிட்டரை டூல்பார் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அடிபடுவதோ ஒட்டும்போதும், சேமிக்கும்போதும், திரும்பக் காட்டும்போதும்.

முதலில், அது தேவைதானா என்று பாருங்கள். புகார்ப் படிவத்துக்கும் இரண்டு வரிக் கருத்துக்கும் சாதாரண டெக்ஸ்ட்ஏரியா (வெறும் எழுத்து மட்டும் ஏற்கும் பெட்டி) தாராளம். தேவைதான் என்றால் அடுத்து ஓர் ஆசை வரும்: நாமே எழுதிவிடலாமே! டிவ் என்ற எச்டிஎம்எல் பெட்டிக்கு கன்டென்ட்எடிட்டபிள் என்று கொடுத்தால் அதில் டைப் செய்யலாம், எக்ஸெக்கமாண்ட் என்ற பிரவுசர் கட்டளையைக் கூப்பிட்டால் தடித்த எழுத்து வரும், அவ்வளவுதானே என்று தோன்றும். கன்டென்ட்எடிட்டபிள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 காலத்துச் சரக்கு. எக்ஸெக்கமாண்ட் இன்று கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஒரே பட்டன் ஒரு பிரவுசரில் ஒரு எச்டிஎம்எல் டேகையும் இன்னொன்றில் வேறு டேகையும் போடும். ப்ரோஸ்மிரர், லெக்ஸிகல், க்வில் போன்ற எடிட்டர் லைப்ரரிகள் ஆவணத்தைத் தங்களுக்கென்று ஒரு வடிவத்தில் தனியாக வைத்துக்கொள்வதற்கு இந்தக் குளறுபடிதான் காரணம். அவற்றை எழுதியவர்கள் பல வருடம் பட்ட பாட்டை நீங்கள் மறுபடி பட வேண்டாம்.

எடுக்கும் லைப்ரரியின் உரிமத்தையும் ஆயுளையும் மட்டும் பார்த்துவிடுங்கள். டைனிஎம்சிஇயின் 6-ஆம் பதிப்பு அதிக நிபந்தனை இல்லாத எம்ஐடி உரிமத்தில் இருந்தது. 2024-இல் வந்த 7-ஆம் பதிப்பு, நிபந்தனைகள் கூடிய ஜிபிஎல்லுக்கு மாறியது. சிகேஎடிட்டர் 4-இன் இலவசப் பதிப்புக்கு ஆதரவு 2023 ஜூனோடு நின்றது. ஃபேஸ்புக்கின் டிராஃப்ட்ஜேஎஸ்ஸுக்கும் வேலை நின்றுவிட்டது, லெக்ஸிகலுக்குப் போங்கள் என்கிறார்கள். பழைய பயிற்சிக் கட்டுரைகளைப் பார்த்து இன்றும் அதை நிறுவுகிறவர்கள் உண்டு.

வாசலில் காவல் இல்லாமல் இருப்பது

இதுதான் ஆகப் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எடிட்டர் அனுப்பும் எச்டிஎம்எல்லை வாங்கி அப்படியே டேட்டாபேஸில் போட்டு, அப்படியே பக்கத்தில் கொட்டுகிறார்கள். கேட்டால், "எங்கள் டூல்பாரில் ஸ்கிரிப்ட் போடும் பட்டனே கிடையாதே" என்று பதில் வருகிறது. வம்பு செய்ய வருகிறவன் உங்கள் டூல்பாரைத் தொடவே மாட்டான். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு நேராக உங்கள் ஏபிஐக்கு, அதாவது சர்வர் தரவை வாங்கும் வாசலுக்கு, அனுப்புவான். பிரவுசரில் மட்டும் சுத்தம் செய்வது, முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து போட்ட கதை. சுத்தம் செய்வது சர்வரில் நடக்க வேண்டும். டிஓஎம்ப்யூரிஃபை போல இதற்கென்றே எழுதி, பலர் உடைத்துப் பார்த்துச் சீர்செய்த கருவியைப் பயன்படுத்துங்கள். நீங்களாக ரெக்எக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) எழுத உட்காராதீர்கள்.

ஏன் என்பதற்கு 2005 அக்டோபரில் மைஸ்பேஸில் நடந்தது நல்ல உதாரணம். சுயவிவரப் பக்கத்தில் எச்டிஎம்எல் எழுத அவர்கள் அனுமதித்தார்கள். ஆபத்தான டேகுகளை நீக்கினார்கள், 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையும் தேடித் தேடி நீக்கினார்கள். சாமி கம்கார் என்ற இளைஞர் 'ஜாவா'வுக்கும் 'ஸ்கிரிப்ட்'டுக்கும் நடுவில் ஒரு எண்டர் தட்டினார். அந்தச் சொல்லைத் தேடிய வடிகட்டியின் கண்ணில் அது படவில்லை. பிரவுசர்கள் சில அதை ஒரே சொல்லாகப் படித்து ஓட்டின. அவர் பக்கத்தைப் பார்த்தவர்களெல்லாம் தானாகவே அவருக்கு நண்பர் கோரிக்கை அனுப்பினார்கள், அவர்கள் பக்கத்திலும் அதே நிரல் ஒட்டிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேரைத் தாண்டியது. கெட்டதைத் தேடி நீக்கப் போனால் இப்படித்தான் ஆகும். தேவையான பத்துப் பதினைந்து டேகுகளை எழுதிவைத்து, அதில் இல்லாத எதையும் உள்ளே விடாதீர்கள். லிங்குகளில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மின்னஞ்சலுக்கான மெயில்டூ மூன்றுக்கு மட்டும் வழி விட்டால் போதும்.

ஒட்டும்போது வருவது

வேர்டிலிருந்து ஒரு பத்தியை ஒட்டினால் எழுத்துருப் பெயர், அளவு, பக்க ஓரம், எம்எஸ்ஓ என்று தொடங்கும் ஏகப்பட்ட ஸ்டைல்கள் என மூட்டை முடிச்சோடு வரும். நல்ல எடிட்டர்கள் இதைக் கழித்துவிடும். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு மேலும் ஒன்று காத்திருக்கிறது: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள். அவற்றில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருப் பெயரைக் கழித்த மறுநொடி அந்த வேஷம் கலைந்துவிடும். பயனர் 'எடிட்டர் கெடுத்துவிட்டது' என்று உங்களுக்குத்தான் போன் போடுவார். ஒட்டும் உள்ளடக்கத்தில் அந்த எழுத்துருப் பெயரைக் கண்டால், கழிப்பதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். குறைந்தது, இது யூனிகோடு இல்லை என்று ஒரு வரி காட்டலாம்.

படம் ஒட்டுவது இன்னொரு பள்ளம். க்வில் உட்படச் சில எடிட்டர்கள், நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், படத்தை பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக்கிக் கட்டுரைக்குள்ளேயே திணித்துவிடும். 3 எம்பி போட்டோ 4 எம்பி எழுத்தாகும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் இயல்பாக ஏற்பது 1 எம்பி. அதற்கு மேல் போனால், அளவு மிகப் பெரிது என்று பொருள்படும் 413 பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். படத்தைத் தனியாக ஏற்றி, கட்டுரையில் அதன் முகவரியை மட்டும் வையுங்கள்.

டேட்டாபேஸில் வெட்டுப்படுவது

நான் ஒருமுறை ஒரு சிறுபத்திரிகைத் தளத்தைப் பழுதுபார்க்கப் போனேன். ஒரு நீண்ட கட்டுரை பாதிச் சொல்லில் நிற்கிறது, அதற்குக் கீழே பக்கத்தின் அடிப்பகுதி முழுக்கத் தடித்த எழுத்தில் கிடக்கிறது. ஒரு மணி நேரம் சிஎஸ்எஸ்ஸைக் குடைந்தேன். சிக்கல் அங்கே இல்லை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் கட்டுரையை வைக்கும் நெடுவரிசையின் வகை 'டெக்ஸ்ட்'. அதன் கொள்ளளவு 65,535 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21,845-க்கு மேல் இடமில்லை. டேகுகள் வேறு அதில் பங்குக்கு வரும். அளவு மீறினால் பிழை காட்டும் ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்ததால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. வெட்டுப்பட்டதில் தடித்த எழுத்தை மூடும் டேகும் போய்விட்டது. அதைவிடப் பெரிய 'மீடியம்டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றினேன், தீர்ந்தது. போன வரிகள் போனதுதான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த ஆளுக்கு இந்த எல்லை மூன்று மடங்கு தள்ளித்தான் கண்ணில் படும்.

அப்புறம், காலியா இல்லையா என்ற சோதனை. க்வில்லில் ஒன்றுமே எழுதாவிட்டாலும் வெற்றுப் பத்தி டேகும் வரியை முறிக்கும் பிஆர் டேகும் வரும். "கட்டாயம் நிரப்பவும்" என்ற விதி அதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும். டேகுகளை நீக்கி, இடைவெளியைக் கழித்து, மிஞ்சுவதைப் பாருங்கள். படம் மட்டும் இருக்கிற பதிவைக் காலி என்று தள்ளிவிடாமலும் பாருங்கள்.

தமிழில் தட்டிப் பார்க்காமல் விடுவது

ரியாக்ட் லைப்ரரியில் பலர் செய்வது: ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டேட்டை (செயலி நினைவில் வைத்திருக்கும் மதிப்பை) புதுப்பித்து, அதையே திரும்ப இன்னர்எச்டிஎம்எல்லில், அதாவது பெட்டியின் உள்ளடக்கமாக, போடுவது. கர்சர் முதல் வரிக்கு ஓடிவிடும். ஆங்கிலத்தில் எழுத்து தலைகீழாக வரும், உடனே பிடித்துவிடலாம். தமிழில் 'க' தட்டி ஒற்றைக்கொம்பு தட்டுவதற்குள் கர்சர் நகர்ந்திருக்கும். கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு வரியின் தொடக்கத்தில் தனியே நிற்கும். உள்ளடக்கத்தை எடிட்டரே வைத்துக்கொள்ளட்டும், மாறும்போது உங்களுக்குச் சொன்னால் போதும்.

ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு விசைப்பலகை கொண்டு தட்டினால், விசை அழுத்தத்தைச் சொல்லும் கீடவுன் நிகழ்வில் பெரும்பாலும் 229 என்ற எண்தான் வரும், எந்த விசை என்று தெரியாது. 'எண்டர் தட்டினால் அனுப்பு' வசதி வைத்திருந்தால் சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் இஸ்கம்போஸிங்கைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். இல்லாவிட்டால் பரிந்துரைச் சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தட்டிய எண்டரில் பாதி வாக்கியம் போய்ச் சேரும்.

எழுத்தெண்ணிக்கையும் கவனிக்க வேண்டியது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கு ஐந்து. முன்னோட்டத்துக்கு 100-இல் வெட்டினால் கடைசிச் சொல்லின் புள்ளியோ கொம்போ விழுந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) இதைச் சரியாகப் பிரிக்கும். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது அடங்கும். 'கௌ'வுக்குக் கொம்பும் 'ள'வும் தட்டுகிறவர்களை என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாது.

கடைசியாகக் காட்டும் பக்கம். டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பின் ப்ரீஃப்ளைட் (இயல்பான ஸ்டைல்களைத் துடைக்கும் பகுதி), பட்டியலின் புள்ளிகளையும் தலைப்பின் அளவையும் அழித்துவிடும். பட்டியல், தலைப்புப் பட்டன்கள் வேலை செய்யவில்லை என்று புகார் வரும். எடிட்டருக்கும் காட்டும் பக்கத்துக்கும் ஒரே ஸ்டைலைக் கொடுங்கள். தமிழுக்கு வரி இடைவெளி 1.6-க்குக் குறையாமல் இருந்தால் கொம்பும் சுழியும் முட்டிக்கொள்ளாது. சாய்வெழுத்துப் பட்டனை நான் பெரும்பாலும் எடுத்தே விடுகிறேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. பிரவுசர் நிமிர்ந்து நிற்கிற எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. இதுவரை யாரும் அதைத் திரும்பக் கேட்டதுமில்லை.