பொங்கலுக்கு முன் பெயிண்ட் அடிக்காதீர்கள்

மார்கழி பிறந்தால் எனக்குப் போன் ஓயாது. பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரெல்லாம் நாகப்பட்டினத்துச் சுவர்களில் அப்படியே நிற்கும் மாதம் அது. அதன்மேல் பூசினால் பங்குனிக்குள் அப்பளமாகப் பொரிந்துவிடும். 26 வருடத் தொழிலில் நான் வாங்கிய திட்டில் பாதி இதற்குத்தான்.

அதனால் இப்போது பிரஷுக்கு முன்னால் பாலித்தீன் தாளை எடுக்கிறேன். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரைத் தொட்ட பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

அடுத்து, கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் உப்புப் பூத்திருந்தால் பெரும்பாலும் அஸ்திவாரத்து ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். ஜன்னல் மூலையில் என்றால் மழைநீர். கோடையிலும் காயாத கறை என்றால் குழாய்மேல் சந்தேகப்படுங்கள்: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடிந்ததும் பாருங்கள். ஒரு வீட்டில் இதைச் செய்யாமல் ஓதம்தான் என்று அடித்துச் சொல்லிப் பூச்சைக் கொத்தவைத்தேன். பின்னால் இருந்த குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. கொத்தனார் கூலி என் கையிலிருந்து போயிற்று.

அஸ்திவாரத்து ஓதம் என்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியதில், பல வீடுகளில் மண் பேஸ்மென்ட் மட்டத்துக்கு மேல் ஏறிக் கிடக்கும். அதை அள்ளித் தண்ணீர் ஓட வழி செய்யுங்கள். பிறகு கறைக்கு மேல் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ள வேண்டும். கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். சித்திரை வெயில் முடியும்வரை செங்கல் திறந்தே கிடக்கட்டும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறும். அஸ்திவாரத்தில் ஓதத் தடுப்புப் பூச்சே இல்லாத வீட்டில் இத்தனை செய்தாலும் ஓதம் குறையுமே தவிர, முழுதாக நிற்காது.

வீட்டில் கல்யாணம், காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு வெறும் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன். ஈரம் அதன் வழியாக வெளியேறும். வைகாசியில் சுரண்டிவிட்டுப் பெயிண்டைப் பார்த்துக்கொள்ளலாம்.